காசின் கோணல் எங்கே நேர்ந்தது? அறிகுறி பார்த்து அச்சுப் பிழை கண்டறியும் வழி

திருகோணமலையில் புழங்கும் ஒரு காசு படாத பாடு படுகிறது. மீன் சந்தையில் உப்புத் தண்ணீரில் நனைகிறது. முச்சக்கர வண்டியின் முன்தட்டில் நாள் முழுவதும் வெயில் காய்கிறது. நேர்த்திக்காக மஞ்சள் துணியில் முடியப்பட்டு மாதக்கணக்கில் சுவாமி அறையில் கிடக்கிறது. கோயில் உண்டியலில் திருநீற்றோடும் குங்குமத்தோடும் புரள்கிறது. சிறுவர்கள் கையில் அகப்பட்டால் தண்டவாளத்துக்கும் போகிறது. இத்தனையும் தாண்டி வந்த காசில் ஒரு வீக்கமோ வெட்டோ நிழலோ தெரிந்தால், "நாணயச்சாலைப் பிழை, இலட்சம் போகும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாணயச்சாலை இயந்திரம் இதைச் செய்திருக்க முடியுமா? எந்தக் கட்டத்தில், எப்படி என்று விளக்க முடியாத கோளாறு நாணயச்சாலையில் பிறந்ததன்று.

ஆகவே காசு பிறக்கும் விதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலங்கைக்குச் சொந்த நாணயச்சாலை இல்லை. நம்முடைய புழக்கக் காசுகள் வெளிநாடுகளில் அடிக்கப்பட்டு வருகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் இலண்டன், பர்மிங்காம், கல்கத்தா, பம்பாய் என்று பல இடங்களில் அடித்தார்கள். எங்கே அடித்தாலும் வேலை மூன்று கட்டம். முதலில் உலோகப் பட்டையிலிருந்து வெறும் வட்டத் தகடு வெட்டப்படுகிறது. அதன் விளிம்பு உருட்டி உயர்த்தப்படுகிறது. முலாம் பூச வேண்டியதாக இருந்தால் இங்கேயே பூசப்படுகிறது. அடுத்தது அச்சு. தாய் அச்சு ஒன்றை எஃகுத் துண்டில் அழுத்தி, உருவம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் அமைந்த, காசை அடிக்கும் அச்சைச் செய்கிறார்கள். மூன்றாவது கட்டம் அடித்தல். கீழ் அச்சுக்கும் மேல் அச்சுக்கும் நடுவில், ஒரு எஃகு வளையத்துக்குள், தகடு நசுங்கிக் காசாகிறது.

அச்சில் உள்ள குறை அந்த அச்சு அடித்த ஆயிரக்கணக்கான காசுகளிலும் அப்படியே இருக்கும். இதை அச்சு வேறுபாடு என்கிறோம். தகட்டிலும் அடியிலும் நேரும் குறை பெரும்பாலும் ஒரு காசோடு முடிந்துவிடும். இதுதான் பிழைக்காசு. அதற்குப் பிறகு நேர்வதெல்லாம் காயம். சேகரிப்பவருக்குக் காயத்தால் பயனில்லை.

ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு. எனவே காசின் தளத்துக்கு மேலே எழுந்து நிற்கும் எதுவும் அநேகமாக அச்சிலிருந்து வந்தது. தளத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் எதுவும் அநேகமாகக் காசு அடித்த பிறகு நேர்ந்தது. விலக்குகள் உண்டு, வரும்போது சொல்கிறேன்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி, 0.01 கிராம் வரை காட்டும் மின் தராசு, ஒரு காந்தம், பாடசாலையில் பழகிய வேணியர் இடுக்கிமானி, ஒரு பாகைமானி. இவற்றைவிட முக்கியமானது அதே வகை, அதே ஆண்டுக் காசு இன்னும் பத்து. எடையோ விட்டமோ எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்தப் பத்தும் உங்களுக்குச் சொல்லிவிடும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, சரிவாக விழ வேண்டும். இரண்டு விளக்குக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு நிழல் விழுந்து, எல்லாக் காசும் இரட்டை அச்சாகிவிடும். கைத்தொலைபேசிப் படத்தையும் நம்ப வேண்டாம். அதன் மென்பொருள் ஓரங்களைக் கூர்மையாக்குகிறேன் என்று எழுத்தைச் சுற்றி இல்லாத கோடு ஒன்றை வரைந்து வைக்கும். படத்தில் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் கண்ணுக்கு மாறித் தெரிவதும் உண்டு. காசைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

எழுத்தோ இலக்கமோ இரட்டையாகத் தெரிகிறது

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இதுதான். அதனால் இதில் சற்று நிற்க வேண்டும். இரட்டைத் தோற்றத்துக்கு நான்கு காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே மதிப்பு.

மதிப்புள்ளது உண்மையான இரட்டை அச்சு. முன்பெல்லாம் தாய் அச்சை ஒரே அழுத்தில் முழுவதும் பதிக்க முடியாது. ஒரு முறை அழுத்தி, எஃகைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் அழுத்துவார்கள். இரண்டாம் அழுத்து மயிரிழை விலகினால் அச்சிலேயே இரண்டு உருவங்கள் விழுந்துவிடும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சதக் காசு இதனால்தான் உலகப் புகழ் பெற்றது. அதில் எழுத்தும் ஆண்டும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். இப்படிப்பட்ட காசில் இரண்டு உருவங்களுமே உருண்டு திரண்டு இருக்கும். எழுத்தின் மூலைகளில் ஒரு பிளவு தெரியும். எழுத்து வழமையைவிடத் தடித்திருக்குமே தவிர மெலிந்திருக்காது. அச்சு ஒன்றுதான் என்பதால், இன்னொரு காசிலும் அதே எழுத்தில், அதே திசையில், அதே அளவில் அந்த இரட்டை இருந்தாக வேண்டும்.

இரண்டாவது, அதிர்வு இரட்டை. அடித்துவிட்டு மேலெழும் அச்சு தளர்வாக இருந்தால் காசின் மேல் சற்றுச் சறுக்கும். அப்போது எழுத்தின் ஓரம் தட்டையாக வெட்டப்பட்டு ஒரு படி உண்டாகும். படி தளத்தோடு ஒட்டிப் பளபளவென்று இருக்கும். எழுத்து அந்த அளவுக்கு ஒடுங்கிப்போகும். "தடித்ததா, ஒடுங்கியதா?" என்று கேட்டாலே இவை இரண்டையும் பிரித்துவிடலாம். அதிர்வு இரட்டைக் காசு கொள்ளையாகக் கிடைக்கும். ஆண்டிலக்கத்தின் ஒரே பக்கத்தில் எல்லா இலக்கங்களுக்கும் படி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது, தேய்ந்த அச்சு. ஓய்வில்லாமல் அடித்த அச்சில் எழுத்தின் ஓரங்கள் கரைந்து அகன்றுவிடும். காசில் எழுத்து வீங்கி, சுற்றிலும் ஒரு மங்கலான நிழல் விழும். தளமும் தோடம்பழத் தோலாகப் பொருபொருத்திருக்கும். தளத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நான்காவது நம் நாட்டுக் காசுக்கே உரியது என்று சொல்லலாம். 2005இல் தொடங்கிய வரிசையில் 1 ரூபாயும் 5 ரூபாயும் பித்தளை முலாம் பூசிய உருக்கு. அடி விழும்போது முலாம் இழுபட்டு எழுத்தின் ஓரத்தில் பிளந்துவிடும். பிளவின் அடியில் உருக்கு தெரியும். அது எழுத்தோடு சேர்ந்து ஓடும் ஒரு கரிய கோடாக, இரண்டாம் எழுத்தாகத் தோன்றும். கடற்காற்றுப் பட்ட காசில் அந்தக் கோடு துருப்பிடித்துச் செந்நிறமாகும். எழுத்தின் வெளிப்பக்கத்தில், விளிம்பை நோக்கிய ஓரத்தில் மட்டும் கோடு இருந்தால் முதலில் முலாமைச் சந்தேகியுங்கள். உருப்பெருக்கியில் நிற வேறுபாடு காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான இரட்டை அச்சில் இரண்டு உருவமும் ஒரே நிறம்.

புள்ளி காணவில்லை, அல்லது இல்லாத புள்ளி இருக்கிறது

தமிழ் வாசிக்கத் தெரிந்தவரின் கண்ணுக்கு மட்டுமே படும் அறிகுறி இது; ஆங்கிலத்தில் எழுதும் சேகரிப்பாளர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். "ரூபாய்" என்பதில் யகரத்தின் மேலுள்ள புள்ளி, "சதம்" என்பதில் மகரத்தின் மேலுள்ள புள்ளி ஆகியவை அச்சில் ஊசிமுனை அளவுக் குழிகள். இயந்திர எண்ணெயும் உலோகத் தூசும் சேர்ந்த பசை முதலில் அடைப்பது இப்படிப்பட்ட குழிகளைத்தான். குழி அடைந்தால் காசில் புள்ளி எழாது. "ரூபாய்" "ரூபாய" ஆகிவிடும்.

இது அச்சு வேறுபாடன்று. பசை சேரும், விழும், துடைக்கப்படும். அடுத்த நூறு காசில் புள்ளி திரும்பி வந்துவிடும். ஆனாலும் தொகுப்பில் வைக்க அழகான பொருள். காசின் மறுபக்கத்திலும் அரச இலச்சினையைப் பாருங்கள். சிங்கத்தின் வாள், தாமரை இதழ்களின் கோடுகள், நெற்கதிர் ஆகியவற்றிலும் சில இடம் மழுங்கியிருந்தால் பசைக் காசு என்று இன்னும் உறுதியாகச் சொல்லலாம். பசை பள்ளங்களை அடைக்கும்போது இலக்கணம் பார்ப்பதில்லை.

மதிப்பைக் கூட்டுவதற்காக ஆண்டின் ஓர் இலக்கத்தையோ எழுத்தையோ சுரண்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். பசையால் மறைந்த இடத்தில் தளம் சுற்றுப்புறத்தோடு ஒரே சீராக, அதே மினுக்கோடு இருக்கும்; சரிந்த வெளிச்சத்தில் எழுத்தின் பேய் ஒன்று மெல்லத் தெரியும். சுரண்டிய இடத்தில் நுண்கீறல் இருக்கும், தளம் சற்றே இறங்கியிருக்கும்.

கூடுதல் புள்ளி வேறு கதை. மேடு என்பதால் அச்சிலிருந்து வந்ததாக வேண்டும்: அச்சில் துருக்குழி விழுந்திருக்கும், அல்லது எஃகு துகளாகப் பெயர்ந்திருக்கும். எழுத்துக்குள் மூடிய சிறு வெளிகளிலும் இலக்கங்களான 0, 6, 8, 9 ஆகியவற்றின் வயிற்றிலும் இது அதிகம் நடக்கும். காரணம், காசில் வெளியாகத் தெரியும் அந்த இடம் அச்சில் மெல்லிய தூணாக நிற்கிறது. அடிபட்டு அடிபட்டு அது உடைந்துவிடுகிறது. அப்போது 2008இன் 8 வயிறு நிரம்பிப் பிறக்கிறது. இது உண்மையான அச்சு வேறுபாடு. அதே துகள் அடுத்தடுத்த காசில் பெரிதாகிக்கொண்டே போகும் என்பதால், ஒரே அச்சின் இளமையையும் முதுமையையும் வரிசையாக அடுக்கி வைக்கலாம். எனக்குப் பிடித்தது இந்த வகை வேலைதான். விலை அதிகம் போகாது, ஆனால் ஒரு பையளவு சில்லறையோடு ஒரு மழைநாள் கழிந்துவிடும்.

முலாம் பூசிய காசில் மட்டும் எச்சரிக்கை. முலாமுக்கு அடியில் காற்றுக் குமிழி இருந்தாலும் புள்ளிபோல எழும். பற்குச்சியால் மெல்ல அழுத்துங்கள். குமிழி என்றால் உள்வாங்கும்.

மேடான கோடு, மேடான கட்டி

உருப்பெருக்கியில் கோடு மேடா பள்ளமா என்று பாருங்கள். பள்ளமானால் கீறல். மேடானால் இரண்டில் ஒன்று. ஒழுங்கில்லாமல் வளைந்து, எழுத்தையும் படத்தையும் தளத்தையும் ஒன்றாகக் கடந்து, பெரும்பாலும் விளிம்பில் தொடங்கினால் அச்சு விரிசல். நேராக, ஒன்றுக்கொன்று இணையாக, தளத்தில் மட்டும் ஓடி எழுத்து வந்தவுடன் நின்றுவிட்டால் அச்சை மெருகிட்ட தடம். அச்சில் தளம் உயரமான இடம், எழுத்து ஆழமான இடம். மெருகிடும் கல் உயரத்தை மட்டுமே தொடும்.

விரிசல் முற்றி, விளிம்போரம் அச்சுத் துண்டே கழன்று விழுந்தால், காசில் அந்த இடத்தில் உருவம் எதுவுமில்லாத கட்டி எழும். இது மதிப்புள்ள பிழை. சோதனை மறுபக்கத்தில் இருக்கிறது. கட்டிக்கு நேர் பின்னால் உருவம் மங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் உலோகம் அங்கே அழுந்தாமல் வெற்றிடத்துக்குள் ஏறிவிட்டது. பின்பக்கம் தெளிவாக இருந்து முன்பக்கத்தில் மட்டும் கட்டி இருந்தால் யாரோ ஈயம் வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கத்து உருவம் இந்தப் பக்கத்தில் நிழலாடுகிறது

நடுவில் தகடு இல்லாமல் இரண்டு அச்சும் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் மற்றதில் பதியும். அடுத்த காசுகளில் சிங்கத்தைச் சுற்றியுள்ள வெறுந்தளத்தில் எதிர்ப்பக்க இலக்கத்தின் வெளிக்கோடு, இடவலம் மாறி, மெல்லிய மேடாகத் தெரியும். மெல்லிய தாளில் இரு பக்கத்தையும் பென்சிலால் தேய்த்தெடுத்து, முதுகோடு முதுகு வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மோதலில்லை.

இதன் போலி, இரண்டு காசை ஒன்றின் மேல் ஒன்று வைத்து இரும்புக் கிடுக்கியில் இறுக்கியது. அதில் இரண்டாம் உருவம் பள்ளமாக இருக்கும். அடியில் பழைய உருவமும் நசுங்கிய நிலையில் கிடக்கும். உண்மையிலேயே ஒரு காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, அது அடுத்த தகட்டில் பதிந்திருந்தால், அந்தப் பக்கத்தில் பள்ளமான கண்ணாடி உருவம் மட்டுமே இருக்கும். கீழே வேறு உருவம் இருக்காது. பள்ளம் என்றாலும் பிழையாக இருக்கக்கூடிய விலக்கு இது. இன்னொரு விலக்கு, நூலோ கம்பித் துண்டோ அச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் அகப்பட்டு அதன் வடிவம் குழிவாக விழுந்த காசு.

விளிம்பில் ஒரு துண்டு இல்லை

தகடு வெட்டும்போது பட்டை சரியாக நகராமல், முன்பு வெட்டிய துளையின் மேலேயே அடுத்த வெட்டு விழுந்தால் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். பட்டையின் ஓரத்தில் விழுந்தால் நேர்வெட்டாகும். அரத்தால் அராவியும் இதே தோற்றத்தைக் கொண்டுவரலாம் என்பதால் சந்தேகத்தோடுதான் தொடங்க வேண்டும்.

முதல் சோதனை எதிர்ப்பக்க விளிம்பு. தகட்டின் விளிம்பை உருட்டி உயர்த்தும்போது அழுத்தம் இரு எதிரெதிர்ப் புள்ளிகளில் ஒரே நேரத்தில் விழுகிறது. ஒரு பக்கம் துண்டில்லாமல் வெற்றிடமானால், எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைப்பதில்லை. ஆகவே வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கி, சில சமயம் காணாமலே போயிருக்கும். சேகரிப்பாளர்கள் இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். இது எல்லா உண்மைக் காசிலும் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துவிட்டால் வலுவான சாட்சி. இரண்டாவது, வெட்டை ஒட்டிய எழுத்துகள். அடி விழும்போது உலோகம் வெற்றிடத்தை நோக்கி ஓடுவதால் அவை வெட்டின் பக்கமாக இழுபட்டு மெலிந்திருக்கும். பின்னால் வெட்டிய காசில் எழுத்து சட்டென்று அறுந்து நிற்கும்.

மூன்றாவது சோதனை முலாம் காசுக்கு மட்டும், ஆனால் இதுவே தீர்ப்பு. முலாம் தகட்டை வெட்டிய பிறகுதான் பூசப்படுகிறது. எனவே உண்மையான வெட்டின் ஓரத்திலும் முலாம் இருக்கும். ஓரத்தில் வெள்ளை உருக்கோ துருவோ தெரிந்தால், அந்தத் துண்டு நாணயச்சாலையைவிட்டு வந்த பிறகுதான் போயிருக்கிறது.

படம் நகர்ந்திருக்கிறது, அல்லது காசு அகன்றிருக்கிறது

இரண்டு பக்கமும் ஒரே திசையில் நகர்ந்து ஓரத்தில் வெறுமையான பிறை இருந்தால் தகடு சரியாக அமராமல் அடிபட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து, காசு முழு வட்டமாக இருந்தால் அச்சு விலகல், சாதாரணமானது. வளையம் இல்லாமல் அடிபட்டால் காசு அகன்று, விளிம்பின் பல்லொழுங்கு இல்லாமல் பிறக்கும். எடை மாத்திரம் மாறாது.

தண்டவாளக் காசும் அகன்றுதான் இருக்கும், அதன் எடையும் மாறாது. இங்கே எடையை விட்டு உருவத்தைப் பாருங்கள். வளையமில்லாமல் அடித்த காசின் நடுப்பகுதியில் எழுத்துகள் சரியான அளவில் கூர்மையாக இருக்கும், விளிம்புதான் பரந்திருக்கும். புகையிரதம் நசுக்கிய காசு ஒரு திசையில் நீண்டு முட்டை வடிவாகி, எழுத்துகளும் அதே திசையில் இழுபட்டிருக்கும். சீனக்குடா வழியாக வரும் பாதையோரத்து வீடுகளில் இப்படிப்பட்ட காசு ஒன்றாவது இருக்கும்.

ஒரு பக்கம் நேராக வைத்தால் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது

காசை மேலும் கீழுமாக விரலில் பிடித்து, கதவு திறப்பதுபோலப் பக்கவாட்டில் திருப்புங்கள். அதே ஆண்டின் மற்றக் காசுகள் எப்படித் திரும்புகின்றனவோ அதுதான் இயல்பு. நாட்டுக்கு நாடு இது மாறும். உங்கள் காசு அவற்றிலிருந்து விலகினால் பாகைமானியால் அளந்து எழுதுங்கள். சில பாகை விலகலுக்கு யாரும் மதிப்புத் தரமாட்டார்கள்.

பழைய சதுர 5 சதத்தில் 20 பாகை விலகல் என்று சொன்னால் நம்ப வேண்டாம். சதுர வளையத்துக்குள் சதுர அச்சு 20 பாகை திரும்பி உட்காராது. அதில் விலகல் வந்தால் 90 பாகைக் கணக்கில்தான் வரும். அலைவிளிம்புள்ள 2 சதம், 10 சதத்துக்கும் ஓர் அலை, இரண்டு அலை என்ற கணக்குத்தான்.

விளிம்பில் எழுதிய எழுத்து தலைகீழாக இருப்பதைச் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். விளிம்பெழுத்து தனி வேலையாகப் பதிக்கப்படும் காசுகளில் எந்தப் பக்கம் மேலே வரும் என்பது தற்செயல். அது பிழையன்று.

நிறம் மாறியிருக்கிறது

முதலில் ஆண்டைப் பாருங்கள். பத்தில் ஒன்பது கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். 1 சதமும் 2 சதமும் 1963இல் அலுமினியத்துக்கு மாறின. 5 சதமும் 10 சதமும் 1978இல் மஞ்சளிலிருந்து அலுமினியத்துக்கு வந்தன. ஆகவே "வெள்ளை ஐந்து சதம்" என்று யாராவது பரவசப்பட்டால் ஆண்டைக் காட்டினால் போதும். வெள்ளை ரூபாய் 2005இல் மஞ்சளாகிச் சிறுத்தது. 2017 வரிசையில் துருப்பிடிக்காத உருக்காக மீண்டும் வெள்ளையானது. 5 ரூபாயில் பழையது நிக்கல் பித்தளை, 9.5 கிராம், காந்தம் பிடிக்காது. 2005க்குப் பிந்திய முலாம் காசு ஏறத்தாழ 7.7 கிராம், காந்தம் பிடிக்கும். விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் கையில் எடைபோட்டுப் பார்க்காதவர் குழம்புவது இயல்பு.

ஆண்டும் பொருந்தவில்லை, மஞ்சளாக இருக்க வேண்டிய முலாம் காசு வெள்ளையாக இருக்கிறது என்றால் இரண்டு வழி. முலாம் பூசாத தகடு அடிபட்டிருக்கலாம். அல்லது யாரோ அமிலத்தில் போட்டு முலாமைக் கழற்றியிருக்கலாம். கழற்றியதில் எழுத்தின் ஓரக் கூர்மை போய், தளம் பொருக்காக, ஒளியில்லாமல் இருக்கும். மூலை முடுக்கில் பித்தளை ஒட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள் துணியில் முடிந்த காசின் பொன்னிறமும், விளக்குச் சூட்டில் ஏறிய நீலமும் ஊதாவும் வெறும் கறைகளே.

இரண்டு பக்கமும் ஒரே உருவம்

விளிம்பின் உட்புறத்தை உருப்பெருக்கியால் சுற்றிப் பாருங்கள். வட்டமான ஒட்டுக்கோடு தெரிந்தால், ஒரு காசைக் குடைந்து இன்னொன்றை உள்ளே பொருத்திய மந்திரக்காரர் காசு. மேசையில் போட்டால் கணீரென்று ஒலிக்காது.

பொருந்தாத இரண்டு அச்சு ஒரே இயந்திரத்தில் ஏறுவது அபூர்வமானாலும் நடக்கும். பிரித்தானியாவில் 2008இல் புதிய வடிவம் வந்தபோது ஆண்டிலக்கம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம் மாறியது. பழைய தலையச்சோடு புதிய பின்னச்சு சேர்ந்துவிட, இரண்டு பக்கத்திலும் ஆண்டே இல்லாத 20 பென்ஸ் காசுகள் புழக்கத்துக்கு வந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் காசிலும் தலை ஒன்றுதான், பின்பக்கம் ஒன்றுதான். தலையச்சும் பின்னச்சும் இயந்திரத்தில் வெவ்வேறு இடத்தில் பூட்டப்படுபவை. இரண்டு தலை பிறப்பது அதனால்தான் மிக மிக அரிது.

எல்லாமே கோணல்

இனி இந்த ஊருக்கே உரிய ஒரு காசு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் ஸ்டைவர் என்ற தடித்த செப்புக் காசுகளை அடித்தது. கம்பனியின் வீ ஓ சீ முத்திரைக்கு மேல் அடித்த இடத்தின் எழுத்து இருக்கும்: கொழும்புக்கு சீ, காலிக்கு ஜீ, யாழ்ப்பாணத்துக்கு ஐ, திருகோணமலைக்கு ரீ. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது.

இவை கையால் அடித்தவை. வட்டமில்லை, நடுவில் விழுவதில்லை, ஓரம் வெடித்திருக்கும், முத்திரை பாதி வெளியே போயிருக்கும். மேலே சொன்ன எந்த அறிகுறியையும் இதில் தேடாதீர்கள். இங்கே கோணல்தான் இலட்சணம். வட்டமாக, அழகாக, எல்லாம் நடுவில் விழுந்த ஸ்டைவரைக் கண்டால்தான் போலியோ என்று யோசிக்க வேண்டும். நந்தியின் கீழ் "சேது" என்று பொறித்த யாழ்ப்பாண அரசர் காசுக்கும் இதே கணக்கு. ஆனால் அச்சு வேறுபாடு தேடுபவருக்கு இவை பெரிய விருந்து. ஒவ்வொரு அச்சையும் கையால் வெட்டியிருக்கிறார்கள் என்பதால் எழுத்தின் வாலும் இலக்கத்தின் சாய்வும் புள்ளியின் இடமும் அச்சுக்கு அச்சு மாறும்.

கடலோரத்தில் கிடைத்த செப்புக்காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் உப்பு உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. பற்றரிக்கு விடும் வடிநீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் வையுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போடாமல் தாளுறையில் வையுங்கள். பழப்புளி, தேசிக்காய், பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் பிழை இருந்தாலும் படிக்க முடியாது. படிக்க முடியாததை யாரும் வாங்கமாட்டார்கள்.

உறையின் மேல் ஆண்டு, எடை, விட்டம், அறிகுறி, எந்தக் கட்டத்துப் பிழை என்று எழுதுங்கள். கட்டம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் சேகரிப்பில் அதிகம். அச்சு வேறுபாடு என்று எழுதுவதானால் அதே குறையுள்ள இரண்டாவது காசு கைக்கு வரும்வரை பென்சிலால் எழுதுங்கள்.

தொல்பொருள் விடயத்தில் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. ரீ ஸ்டைவரும் சேதுக் காசும் அதற்குள் அடங்கும். அனுமதி இல்லாமல் அவற்றைத் தோண்டி எடுக்கவோ நாட்டுக்கு வெளியே அனுப்பவோ கூடாது; தற்செயலாகக் கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். 1963இன் அலுமினியச் சதத்துக்கு அந்தக் கவலை இல்லை.